எலிவாலின் நுனியைத் தேடி

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் பேருந்து டம்டம் பாறையை நெருங்கினால் உள்ளே பாதிப் பேர் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால் கறுத்த பாறைச் சுவரில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அதுதான் தலையாறு அருவி. எலிவால் அருவி என்ற பெயர் அதற்கு ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 297 மீட்டர் உயரம், தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி என்று சொன்னால்தான் நம்பமாட்டார்கள். அடுத்த வளைவில் அது மறைந்துவிடும், எல்லோரும் அவரவர் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார்கள்.

எனக்கு மட்டும் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் வாலின் நுனி தெரியாது. அது எங்கே விழுகிறது என்பதை மரங்களும் பாறை மடிப்பும் மறைத்துவிடும். அந்த நுனியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அருவிக்குச் சாலை கிடையாது. உச்சிக்குப் போக மலைமேலிருந்து ஒற்றையடிப் பாதை உண்டு. அடிவாரத்துக்கு அதுவும் இல்லை. மஞ்சளாறு அணைக்கு மேலே ஆற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஏற வேண்டும், அவ்வளவுதான் வழி. பழனிமலைக் காட்டில் பெரும்பரப்பு 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்துவிட்டன. ஆகவே அனுமதி வாங்காமல் போகும் பேச்சே இல்லை. வாங்குவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் அருவி வரை வரமாட்டேன், விடுங்கள்.

டிசம்பர் கடைசியில் நானும் இரண்டு நண்பர்களும் போனோம். இந்தச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். மழை முடிந்தும் முடியாமலும் இருக்கும் அந்த நாட்களில் அருவியில் தண்ணீர் இருக்கும், ஆற்றிலும் கால் வைக்க முடியும் என்பது எங்கள் கணக்கு. முந்தின நாள் மாலை தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். அங்கே சன்னிதிக் கதவைத் திறப்பதில்லை, மூடிய கதவுக்குத்தான் பூசை. மஞ்சளாற்று வெள்ளத்தில் பெட்டி ஒன்று மிதந்து வந்து மூங்கில் புதரில் தங்கியது என்று கதை சொல்வார்கள். வெள்ளம் என்ற சொல்லை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்களோடு வந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர், இந்த மலைகளின் பழங்குடிகளான பளியர் சமூகத்துப் பெரியவர். என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டும் என்னத்துக்கு தம்பி?" என்றார். தோளில் ஒரு துணிப்பை, கையில் அரிவாள், அதுதான் அவருடைய சாமான் மொத்தமும்.

முதல் ஒரு மணி நேரம் மாட்டுத்தடம் இருந்தது. பிறகு அதுவும் உண்ணிச்செடிப் புதருக்குள் கரைந்துவிட்டது. என் கைப்பேசி வரைபடத்தில் மட்டும் ஒரு புள்ளிக்கோடு ஆற்றின் வலப்புறமாக அருவி வரை ஒய்யாரமாகப் போனது. தரையில் அந்த இடத்தில் இரண்டு ஆள் உயரப் பாறையும் அதைச் சுற்றிக் கொக்கி கொக்கியாகத் தொரட்டி முள்ளும் இருந்தன. கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன். அட்டைக்குப் பயந்து புகையிலைத் தூளும் உப்பும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தோம். அட்டை ஒன்றுகூட ஏறவில்லை. உண்ணிதான் ஏறியது, அதற்குப் புகையிலை ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் ஆற்றுக்குள் இறங்கினோம். இனி பாறைதான் பாதை. மேசை அளவு, மாட்டுவண்டி அளவு, வீட்டளவு என்று மேலே போகப் போகப் பாறை பெருத்துக்கொண்டே போனது. பெரியவர் ஒரே ஒரு பாடம்தான் எடுத்தார்: "வெளுத்த கல்லுல மிதி, கறுத்த கல்லுல மிதிக்காத." வெயிலில் காய்ந்து வெளுத்த பாறையில் கால் ஒட்டும். கறுப்பாகத் தெரிவது காய்ந்த பாசி, அதில் ஒரு துளி நீர் பட்டால் எண்ணெய் தடவிய மாதிரி. பாடம் கேட்ட பத்தாவது நிமிடம் நண்பன் கறுத்த கல்லில் மிதித்து இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தான். அடி ஒன்றும் இல்லை, கேமரா மட்டும் போனது. இந்தக் கட்டுரையில் படம் இல்லாததற்கு அதுதான் காரணம்.

நீர்மருத மரங்கள் இரு கரையிலும் சாய்ந்து நிற்க, வெளிறிய பட்டையில் நெஞ்சு உயரத்துக்குச் சருகும் சுள்ளியும் சிக்கியிருந்தன. காற்று கொண்டுவந்தது என்று நினைத்துக் கடந்துபோனேன். ஓரிடத்தில் ஈர மணலில் யானைத் தடம். பெரியவர் குனிந்து பார்த்து, "நேத்து ராத்திரி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நாங்கள் மூவரும் தேவைக்கு மேல் பேசவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கிட்டே போகப் போக அருவி காணாமல் போய்க்கொண்டிருந்தது. அணைப்பக்கத்திலிருந்து பார்த்தபோது முழுசாக இருந்தது. பள்ளத்தாக்கு குறுகக் குறுக அது பாதியானது, பிறகு மரங்களுக்கு மேலே ஒரு முழத் துண்டு மட்டும். சத்தம்கூட ஏமாற்றியது. ஒரு திருப்பத்தில் காதை அடைக்கும், அடுத்த திருப்பத்தில் பூச்சிச் சத்தம்தான் கேட்கும். கணக்குப் பார்த்தால் மணிக்கு அரைக் கிலோமீட்டர்கூட நாங்கள் நகரவில்லை.

ஒரு மணி சுமாருக்கு ஒரு பெரும்பாறை மேல் ஏறினோம். எதிரே சுவர். அண்ணாந்தால் சுவரின் மேல் விளிம்பிலிருந்து நீர் இறங்குவது தெரிகிறது. ஆனால் அது கோடு இல்லை. மேலேயிருந்து யாரோ மாவை அள்ளி அள்ளிக் கொட்டுவது போல விட்டு விட்டு வருகிறது. காற்று அடித்தால் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. பாதி உயரத்தில் பாறையில் மோதிப் புகையாகிறது. அதற்குக் கீழே முன்னால் நின்ற பாறைக்கூட்டம் மறைத்தது. நுனிக்கு இன்னும் இருநூறு முந்நூறு மீட்டர் இருக்கும். சாரல் எங்கள் முகத்துக்கே வந்தது. பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தோம்.

நான் கை கழுவக் குனிந்தபோது தண்ணீரில் இலைகள் வந்தன. பச்சை இலைகள். பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். "தம்பி, தண்ணி நெறம் பாரு."

கண்ணாடி போல இருந்த நீரில் தேநீர்ச் சாயம் இறங்கியிருந்தது. எங்களுக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. "இங்க என்ன பேயுதுன்னு பாத்து ஆகப்போறது ஒண்ணுமில்ல, மேல பேயுது. ஏறு, ஏறு!" பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு, வேரைப் பிடித்து முள்ளைப் பிடித்து, கரையில் மூன்று ஆள் உயரம் ஏறினோம். பின்னால் ஒரு சத்தம், லாரியில் கருங்கல் கொட்டுகிற மாதிரி. ஆற்றுக்குள் கற்கள் உருளும் சத்தம் அது என்று அவர் பிறகுதான் சொன்னார்.

கால் மணி நேரத்துக்குள் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைச் சுற்றி ஓடிய நீர் அதன் மேலேயே ஓடியது. எல்லாம் காப்பி நிறம். மருத மரத்தில் நெஞ்சு உயரத்தில் சிக்கியிருந்த சருகு ஞாபகத்துக்கு வந்தது. காற்றா கொண்டுவந்தது?

திரும்பி வந்த கதை நீளம். ஆற்றைத் தொடாமல் சரிவிலேயே, அவர் அரிவாளால் வெட்ட வெட்ட, பெரும்பாலும் உட்கார்ந்தபடியே இறங்கினோம். பள்ளத்தாக்கில் நாலரைக்கே வெளிச்சம் குறைந்துவிட்டது. மாட்டுத்தடத்தை மிதித்தபோது மணி ஏழு. "நுனியப் பாக்கலையே ஐயா, நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "சின்ன வயசுல. பெரிய கசம். வேறென்ன இருக்கும்?" என்றார். கசம் என்றால் ஆழமான நீர்மடு.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாகக் கொடைக்கானல் போனேன். டம்டம் பாறையில் பேருந்து வேகம் குறைத்தது, எல்லோரும் சாய்ந்தார்கள். கோடு மெலிந்து கிட்டத்தட்ட நூலாகியிருந்தது. நாங்கள் ஏறிய பாறை எது என்று தேடினேன். அந்தப் பச்சைக்குள் பாறை என்ற ஒன்றே இருப்பதாகத் தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர், "இவ்வளவுதானா அருவி?" என்று என்னிடம் கேட்டார். பதில் யோசிப்பதற்குள் வளைவு வந்துவிட்டது.