மூச்சு திரும்பி வந்துருச்சு, முட்டி இன்னும் வரல

பாப்பா பொறந்தப்ப சைக்கிள நிறுத்துனது. ஒரு மாசம், மிஞ்சிப்போனா ரெண்டு மாசம்னுதான் நெனச்சேன், ஆனா அவ குப்புற விழுந்து, தவழ்ந்து, சோபாவ புடிச்சு நிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் வண்டி மாடிப்படிக்கு கீழயேதான் கெடந்துச்சு. காலைல நாலரைக்கு எந்திரிச்சு எங்க சேலத்துல கோரிமேடு பக்கம் கிளம்பறதெல்லாம் ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு பால் கலக்காதவங்களுக்குத்தான் சரிப்படும். இதுல யாரு மேலயும் குறை இல்ல, சந்தோஷமாத்தான் நிறுத்துனேன். ஆனா திரும்ப ஏறி உக்காந்தப்ப ஒடம்பு காட்டுன கணக்கு இருக்கே, அது நான் நெனச்ச மாதிரி இல்ல, அதான் எழுதறேன்.

மொதல்ல வண்டிய வெளிய எடுத்தா ரெண்டு டயரும் தரையோட ஒட்டிக் கெடக்கு, செயின் நல்லா செவந்து போயி பெடல திருப்புனா கறக் கறக்னு சத்தம். ஹேண்டில் பாருக்கும் பிரேக் லீவருக்கும் நடுவுல ஒரு சிலந்தி குடும்பமே நடத்திட்டு இருந்துச்சு. கடைக்கு தள்ளிட்டு போனேன். கடைக்கார அண்ணன் செயின விரல்ல தூக்கி பாத்துட்டு, "என்னங்க தம்பி, வண்டிய வித்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்"னாரு. செயின், ரெண்டு டியூப், பின்னாடி கியர் கேபிள் எல்லாம் மாத்துனோம். பின்னாடி பெரிய பல்சக்கரத்துல 32 பல்லுதான் இருக்கு, பல்லு கூடுனாதான ஏத்தத்துல மிதிக்க லேசா இருக்கும், மலைக்கு பத்துமாண்ணான்னு கேட்டேன். "வண்டிக்கு பத்துங்க, உங்களுக்கு பத்துமான்னு நீங்கதான் பாக்கணும்"னு சொல்லிட்டு அடுத்த வண்டிய கவனிக்க போயிட்டாரு.

சேலத்துக்காரங்களுக்கு தெரியும், அஸ்தம்பட்டில இருந்து கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் வரைக்கும் போற ரோட்ட மலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கார்ல போனா மட்டமான ரோடுன்னுதான் தோணும். சைக்கிள்ல போறவனுக்குத்தான் அது ஏத்தம்னு தெரியும், அதுவும் முன்னாடி எனக்கு அது வார்ம் அப்தான், பேசிக்கிட்டே போவோம். திரும்ப ஆரம்பிச்சப்ப அதே ரோட்டுல வாட்ச்ச பாத்தா இதயத்துடிப்பு 170, வேகம் பாத்தா பக்கத்துல கேரியர்ல பால் கேன் கட்டிட்டு போன பெரியவர் வேகம். இத்தனைக்கும் காலு வலிக்கவே இல்ல, அதுதான் எனக்கு ஆச்சரியம். காலு சும்மா இருக்கு, நெஞ்சு மட்டும் அடிச்சுக்குது, வாய தொறந்து காத்த முழுங்கறேன்.

ஏன் இப்படின்னு தேடி படிச்சப்பதான் வெவரம் புரிஞ்சுது. ஃபிட்னஸ்னு நாம ஒரே வார்த்தைல சொல்றோமே, அது ஒன்னு இல்ல, பல சாமான் சேந்தது, ஒவ்வொன்னும் ஒவ்வொரு வேகத்துல போகுது. முதல்ல போறது ரத்தத்துல இருக்குற பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட தண்ணி பங்கு. தொடர்ந்து ஓட்டறவங்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாவே இருக்கும், நிறுத்துன ரெண்டு வாரத்துலயே குறைய ஆரம்பிச்சுரும். ரத்தம் குறைஞ்சா இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பற அளவு குறையுது, அப்ப அதே வேலைக்கு அது அதிக தடவ அடிக்கணும், அவ்வளவுதான் அந்த 170க்கு காரணம். எட்வர்ட் காயில்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், அவங்க டீம் 1986ல இத சோதிச்சு பாத்துருக்காங்க. சில வாரம் பயிற்சிய நிறுத்துனவங்களுக்கு பிளாஸ்மா 12 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, திரவத்த ஏத்தி ரத்த அளவ மட்டும் பழையபடி ஆக்குனதும் ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுற அளவு கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துருச்சு. அதாவது அந்த கட்டத்துல இதயம் ஒன்னும் பலவீனமாகல, தள்ளறதுக்கு சரக்குதான் இல்ல.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1984ல, அதே காயில் கூட்டணி வருஷக்கணக்கா பயிற்சில இருந்த ஏழு பேர 84 நாள் சும்மா இருக்க வெச்சு பாத்தாங்க. விஓ2 மேக்ஸ், அதாவது ஒடம்பு அதிகபட்சமா எவ்வளவு ஆக்சிஜன பயன்படுத்த முடியும்ங்கற அளவு, முதல் மூணு வாரத்துல 7 சதவீதம் எறங்குச்சு, 56 நாள் வாக்குல 16 சதவீதத்துக்கு வந்து அங்கயே நின்னுருச்சு. தசைக்குள்ள ஆக்சிஜன எரிச்சு சக்தி எடுக்குற மைட்டோகாண்ட்ரியா இருக்குல்ல, அதோட என்சைம் அளவும் நல்லா எறங்குச்சு, ஆனா வாழ்க்கைல பயிற்சியே எடுக்காதவங்கள விட அப்பவும் 50 சதவீதம் மேலதான் இருந்துச்சு. தசைக்குள்ள ஓடுற நுண் ரத்தக்குழாய்ங்க எண்ணிக்கை குறையவே இல்ல. ரோடு போட்டது போட்டபடி இருக்கு, வண்டிதான் கம்மியாயிருச்சுன்னு வெச்சுக்கலாம். இத படிச்சப்ப எனக்கு எவ்வளவு நிம்மதின்னு சொல்ல முடியாது, பூஜ்ஜியத்துல இருந்து ஆரம்பிக்கறோம்னு நெனச்சு பொலம்பிட்டு இருந்தவன் நான்.

இன்னொன்னும் படிச்சேன், அதுதான் உண்மைலயே தூக்கி வாரிப் போட்டுச்சு. 1966ல டல்லாஸ்ல பெங்ட் சால்டின்னு ஒரு ஸ்வீடன்காரர், அவங்க குழு, இருபது வயசு பசங்க அஞ்சு பேர மூணு வாரம் கட்டில விட்டு எறங்காம படுக்க வெச்சாங்க. முப்பது வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேர, இப்ப அம்பது வயசு, திரும்ப கூப்பிட்டு டெஸ்ட் பண்ணுனா, முப்பது வருஷ வயசு செஞ்ச சேதத்த விட அந்த மூணு வாரப் படுக்கை செஞ்ச சேதம் அதிகம்! அதோட விடல, ஆறு மாசம் நிதானமா பயிற்சி குடுத்தாங்க, இருபது வயசுல படுக்கைக்கு முன்னாடி இருந்த அளவுக்கே அவங்க விஓ2 மேக்ஸ் திரும்பி வந்துருச்சு. அஞ்சே பேர்தான், அத வெச்சு உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, ஆனாலும் வயசாயிருச்சுப்பான்னு டீக்கடைல ஒக்காந்து சொல்றவங்கள பாத்தா இத சொல்லணும்போல இருக்கு.

சரி, போனது எப்படி போச்சோ வர்றதும் அதே மாதிரி ஒவ்வொன்னா வருது, இங்கதான் விஷயமே இருக்கு. பிளாஸ்மா சீக்கிரம் போச்சுல்ல, சீக்கிரமாவே திரும்பியும் வருது. ஒழுங்கா ஓட்ட ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துலயே கோரிமேடு ரோட்டுல 170 இருந்தது 150 பக்கம் வந்துருச்சு, பேசிக்கிட்டே போக முடியுது. நம்ம ஊரு வெயிலும் இதுல ஒரு வகைல உதவிதான், வெயிலுக்கு ஒடம்பு பழகறப்பவும் இதே பிளாஸ்மாதான் கூடுது, ஒன்னு ரெண்டு வாரத்துல பழகிரும். அதுக்காக மே மாசம் பதினோரு மணிக்கு கிளம்பிப் போயிராதீங்க, நான் சொல்றது காலைல ஏழு எட்டு மணி வெயில.

மூச்சு வந்துருச்சா, இப்ப மனசு சும்மா இருக்காது. பழைய வேகம் ஞாபகம் வரும், அடடா வந்துருச்சுடா நம்ம ஃபார்ம்னு தோணும். ஆனா முட்டியச் சுத்தி இருக்குற டெண்டன், தசையையும் எலும்பையும் இழுத்துக் கட்டி வெக்கிற நாண், அதுக்கு ரத்த ஓட்டமே கம்மி, அது பலப்படறதுக்கு மாசக்கணக்கு ஆகும். நெஞ்சு ரெடின்னு சொல்லும், தொடை ரெடின்னு சொல்லும், முட்டி எதுவுமே சொல்லாம ஒரு நாள் மொத்தமா நிறுத்திரும். எங்க குரூப்ல ஒரு அண்ணன், வேலை மாத்தலாகி வடக்க போயிட்டு திரும்பி வந்தவரு, வந்த வேகத்துல ஞாயித்துக்கிழம ஃபாஸ்ட் குரூப்போட சேந்துட்டாரு. நல்லாத்தான் ஓட்டுனாரு, நாங்களே வாய பொளந்துட்டு பாத்தோம். அப்புறம் முட்டிச்சில்லுக்கு கீழ ஒரு வலி, மாடிப்படி எறங்கவே கையால கம்பிய புடிக்கணும், ஓட்டாம இருந்த காலத்த விட அந்த வலிக்கு ரெஸ்ட் எடுத்த காலம் அதிகமா போச்சு.

இந்த நேரம் பாத்து வாட்ஸ்ஆப் குரூப்ல ஒருத்தர் கிரெக் லெமாண்ட் கதைய ஃபார்வேர்ட் பண்ணிருந்தாரு, எழுந்து வா தோழானு தலைப்பு போட்டு. கதை தெரியாதவங்களுக்கு, அமெரிக்க சைக்கிள் வீரர், 1986ல பிரான்ஸ்ல நடக்குற பெரிய சைக்கிள் ரேஸ் டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சவர். 1987 ஏப்ரல்ல வேட்டைக்கு போன எடத்துல மச்சான் தவறுதலா சுட்டு உயிர் பொழச்சதே பெருசு. 1989ல திரும்பி வந்து, கடைசி நாள் டைம் ட்ரையல்ல, அதாவது ஒவ்வொருத்தரா தனியா நேரத்தோட போட்டி போட்டு ஓட்டறதுல, பிரான்ஸ் வீரர் லோரான் ஃபிக்னோன மொத்த நேரத்துல 8 செகண்ட் முந்தி டூர ஜெயிச்சாரு. ஃபார்வேர்டுல 87 இருக்கு, 89 இருக்கு, நடுவுல 88 காணோம். அந்த வருஷம் ரேஸுக்கு திரும்புன மனுஷன் அளவுக்கு மீறி பயிற்சி பண்ணி வலது கால் டெண்டன்ல வீக்கமாகி ஆபரேஷன் வரைக்கும் போயி, டூருக்கே போகல. எனக்கு அந்த 88தான் முக்கியமான பாடமா படுது, குரூப்ல அத சொன்னேன், கட்டைவிரல் ஒன்னு போட்டுட்டு அடுத்த குட்மார்னிங்குக்கு போயிட்டாங்க.

அதனால நான் இப்ப பண்றது ரொம்ப போரான வேலை. வார நாள்ல ரெண்டு தடவயோ மூணு தடவயோ, பாப்பா எந்திரிக்கறதுக்குள்ள போயிட்டு வர்ற அளவுக்கு, சின்ன கியர்ல காலு நிமிஷத்துக்கு 85, 90 சுத்து சுத்தற மாதிரி லேசா ஓட்டறது. பெரிய கியர்ல மிதிச்சு மிதிச்சு போனா ஒவ்வொரு மிதிக்கும் முட்டி வாங்குற பாரம் ஜாஸ்தி, அதே வேகத்துக்கு சின்ன கியர்ல வேகமா சுத்துனா பாரம் நெஞ்சுக்கு போயிரும், நெஞ்சுதான் இப்ப திருப்பி வாங்கிருச்சே, அது தாங்கட்டும். தூரத்த ஏத்தறது வாரா வாரம் கொஞ்சமா, மூணு வாரம் ஏத்துனா நாலாவது வாரம் கம்மி. ஞாயித்துக்கிழம மட்டும் நீளமா ஒன்னு, ஓமலூர் பக்கம் போயி வர்றது. ஃபாஸ்ட் குரூப்ப பாத்தா கைய காட்டறதோட சரி. சீட் உயரத்தையும் ஒரு தடவ பாத்துக்கோங்க, யாராவது எறக்கி வெச்சிருப்பாங்க, எங்க வீட்ல மச்சான் பையன் எடுத்து ஓட்டிருக்கான், ரெண்டு விரக்கடை எறங்கியிருந்துச்சு, அப்படியே ஓட்டுனா முட்டிக்கு முன்பக்கம் வலி வராம போகாது.

யாரும் பேசாத விஷயம் ஒன்னு இருக்கு, பின்பக்கம். முன்னாடி அஞ்சு மணி நேரம் உக்காந்த அதே சீட்டு, இப்ப முக்கா மணி நேரத்துல நெளிய வெக்குது. ஜெல் கவர் வாங்கிப் போடுங்கன்னு ஆளாளுக்கு சொல்றாங்க, வேணாம், மெத்துனு இருந்தா இன்னும் உள்ள அமுங்கி வேற எடத்துல உரசும், உக்காந்து உக்காந்துதான் பழகும். அதுக்கும் பேடட் ஷார்ட்ஸ் போடணும்ல, பழசு எதுவும் இடுப்புக்கு மேல ஏறல. புதுசா ஒரு சைஸ் பெருசா வாங்குனேன், வீட்ல பாத்துட்டு "இது குறைஞ்சதும் திருப்பி குடுத்தா எடுத்துக்குவாங்களா"ன்னு கேட்டாங்க. கழுத்து, உள்ளங்கை, தோள்பட்டை இதெல்லாம் கூட தனித்தனியா வந்து கணக்கு கேக்குது, ஆனா அது ஒரு மாசத்துல அடங்கிரும்.

ரைடு கணக்கு வெக்கிற ஸ்ட்ராவா ஆப்தான் பெரிய தொல்லை. ஒவ்வொரு ரைடு முடிஞ்சதும் பழைய நேரத்த பக்கத்துல வெச்சு காட்டுது, அடிவாரம் வரைக்கும் இவ்வளவு நிமிஷம் அதிகம்னு. அந்த பழைய நேரம் போட்டவனுக்கு ராத்திரி ஏழு மணி நேரம் தூக்கம் இருந்துச்சு, அவன் கூட எனக்கு என்ன போட்டி. அப்படி நேரம் ஒப்பிட்டு காட்டுற ரோட்டுத் துண்ட, அதுல செக்மென்ட்னு சொல்வாங்க, எல்லாம் மறைச்சு வெச்சுட்டேன். இப்ப நான் பாக்கறது ஒன்னே ஒன்னுதான், அதே ரோடு, அதே நேரம், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு எவ்வளவு. அது எறங்குனா போதும். தூங்காத ராத்திரிக்கு மறுநாள் அதுவும் அஞ்சு பத்து ஏறித்தான் காட்டும், அன்னைக்கு பாக்கறதே இல்ல.

மலைக்கும் போக ஆரம்பிச்சுட்டேன், முழுசா இல்ல. ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏத்தம். முதல்ல அஞ்சாவது வளைவோட திரும்பிட்டேன், மூச்சுக்கு இன்னும் போலாம்னுதான் இருந்துச்சு, எறங்கி வர்றப்ப முட்டில ஏதாவது முணுமுணுப்பு இருக்கான்னு பாத்து, மறுநாள் மாடிப்படி எறங்கி பாத்து, ஒன்னும் இல்லன்னு ஆனதும்தான் அடுத்த வாரம் ரெண்டு வளைவு கூட. வளைவுல நின்னு ஜெர்சி பின்பாக்கெட்ல இருந்து வாழப்பழத்த எடுத்தேன், தோல உரிக்கறதுக்குள்ள சுவத்து மேல இருந்து ஒரு குரங்கு எறங்கி வந்து, அவசரமே இல்லாம, கைல இருந்து வாங்கிட்டு போச்சு. பறிக்கக்கூட இல்ல, வாங்கிட்டு போச்சு. கீழ வந்து தட்டுவடை செட் ரெண்டு பிளேட் சாப்ட்டுத்தான் பசி அடங்குச்சு. பீட்ரூட்டும் காரச்சட்னியும் வெச்ச தட்டுவடைக்கு முன்னாடி எந்த எனர்ஜி ஜெல்லும் நிக்காதுங்கறது என் கருத்து, சேலத்துக்காரன்ங்கறதால சொல்லல.

பின்னாடி பல்சக்கரத்த 34 ஆக்கச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், அவரு சிரிக்கல, அதுவே பெரிய விஷயம். குரூப்ல அடுத்து கொல்லிமலை பிளான் போட்டிருக்காங்க, காரவள்ளில இருந்து 70 வளைவு. ஆள் பேரு கேட்டு லிஸ்ட் ஓடிட்டு இருக்கு, எம்பேரையும் போட்டிருக்கேன், தண்ணி பாட்டில், டியூப், பம்ப்பு எல்லாம் எடுத்துட்டு பின்னாடி வர்ற கார் டிரைவரா.