ரெட் சீல் ஆர்.வி. டெக்னீஷியன் தேர்வு: ஃபைபர்கிளாஸ் பகுதிக்கு மட்டும் சில குறிப்புகள்

ரெட் சீல் என்பது கனடாவின் தொழில் தகுதிச் சான்று. ஆர்.வி. (மோட்டார்ஹோம் போன்ற வீட்டு வண்டி) டெக்னீஷியனுக்கான அந்தத் தேர்வை எழுதினேன். ரிசல்ட் வந்துவிட்டது, நான் பாஸ். 70 சதவீதக் கோட்டைத் தாண்டிய நிம்மதியில் எழுதுகிறேன். கேஸ், 12 வோல்ட், பிரேக் எல்லாம் கனடாவில் இந்தத் தேர்வு எழுதும் எல்லோரும் விழுந்து விழுந்து படிப்பவைதான். மோட்டார்ஹோமின் வெளிச்சுவரைத்தான் "அது பாடி ஷாப் வேலை" என்று தள்ளிவிடுகிறார்கள். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது, கேட்காதீர்கள். எங்கே சறுக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று படிக்கத்தான் நேரம் என்றால் இது: ரெசின் (கண்ணாடி இழையோடு சேர்ந்து இறுகும் பிசின்) டப்பாவைத் திறக்கும் முன், சுவருக்கு உள்ளே என்ன கோர் (தோலுக்குப் பின்னால் இருக்கும் நிரப்பு) என்று பாருங்கள்.

வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே வழுவழு வெள்ளை. ஆனால் முன் கேப் (வண்டியின் முகப்பு மூடி) வேறு, பக்கச்சுவர் வேறு. கேப் என்பது மோல்டில் வார்த்தது: வெளியே ஜெல்கோட் என்ற பளபளப்பான பூச்சு, அதன் பின்னால் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) பாலியஸ்டர் ரெசினும், 3 முதல் 5 மி.மீ. கனம். லேமினேட்டட் பக்கச்சுவரில் வெளித்தோல் ஒன்று, ஒன்றரை மி.மீ. எஃப்.ஆர்.பி. (இழை சேர்த்த பிளாஸ்டிக்) ஷீட்தான். அதன் பின்னால் மெல்லிய லுவான் ப்ளைவுட், அதற்கும் பின்னால் அலுமினியச் சட்டத்துக்குள் தெர்மாக்கோல்.

பாலியஸ்டர் ரெசினில் இருப்பது ஸ்டைரீன். அது தெர்மாக்கோலைக் கரைக்கும். ஒரு துண்டில் அரை ஸ்பூன் ஊற்றிப் பாருங்கள். குழி விழுந்து, சுருங்கி, பசையாய் உட்கார்ந்துவிடும். சுவருக்குள்ளும் அதுவேதான் நடக்கும். வெளியே ஒட்டு கல் மாதிரி இறுகியிருக்கும், பின்னால் பிடிப்பே இருக்காது. நீல, ரோஸ் நிற அட்டை ஃபோமும் பாலிஸ்டைரீன்தான், ஏமாறாதீர்கள். பாலியூரித்தேன் ஃபோம் என்றால் பாலியஸ்டர் தாங்கும்.

கோர் பாலிஸ்டைரீன் (தெர்மாக்கோலும் அதுதான்) என்றால் பாலியஸ்டருக்குப் பதில் எபாக்ஸி, அதாவது ஸ்டைரீன் இல்லாத ரெசின். எபாக்ஸி என்று முடிவானதும் நாலு விடைகள் தாமாக வந்து விழும்:

– சாதாரண சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் (நறுக்கிய இழை விரிப்பு) வேண்டாம். இழைகளைப் பிடித்திருக்கும் அதன் பைண்டர் ஸ்டைரீனில் கரையும்படி செய்தது, எபாக்ஸியில் இளகாது. நெய்த துணி அல்லது தைத்த பைஆக்சியல் (இரு திசை இழைத் துணி) போடுங்கள்.
– ஹார்ட்னர் (எபாக்ஸியை இறுக வைக்கும் பாகம்) அளவு டப்பாவில் போட்டபடியே. குளிர் என்று கூட்டிப் போட்டால் வேகமாக இறுகாது, கடைசிவரை ரப்பராகவே இருக்கும். வேகம் வேண்டுமென்றால் ஃபாஸ்ட் ஹார்ட்னர் வாங்குங்கள்.
– இறுகியபின் மேலே மெழுகுபோல ஒரு படலம் வரலாம். முதலில் தண்ணீரும் ஸ்க்ரப் பேடும், அப்புறம்தான் உப்புத்தாள்.
– மேலே ஜெல்கோட் நம்பகமாகப் பிடிக்காது. பிரைமர், 2கே (இரண்டு பாகம் கலக்கும்) பாலியூரித்தேன் பெயின்ட் என்று போங்கள்.

இனி கேப். இதில் கணக்கு வரும். 4 மி.மீ. கனத்தில் 10 செ.மீ. அகல ஓட்டை என்று வைத்துக்கொள்வோம். விளிம்பைச் சரிவாக இழைக்க வேண்டும். சரிவு 12க்கு 1, அதாவது கனத்தின் 12 மடங்கு, சுற்றிலும் 48 மி.மீ. இழைத்தால் வட்டம் ஏறக்குறைய 20 செ.மீ. ஆகிவிடும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. எழும்பும், ஆகவே நாலு அடுக்கு: 20, 17, 14, 11 செ.மீ. வட்டங்கள். மேட் மொத்தம் 36 கிராம் அளவு, ரெசின் அதில் இரண்டரை மடங்கு, 90 கிராம். பிரஷ்ஷிலும் ரோலரிலும் போவதற்குச் சேர்த்து 120 கிராம் கலக்கினால் எம்.ஈ.கே.பி. (பாலியஸ்டரை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்) ஒன்றரை சதவீதம், 1.8 கிராம். 1 சதவீதத்துக்குக் கீழே போனால் சரியாக இறுகாது, 2க்கு மேலே போனால் சூடேறி நொறுங்கலாம். பெரிய வட்டம் முதலில். அது சரிவு முழுவதையும் பிடித்துக்கொள்ளும், மேலே சமமாக இழைக்கும்போதும் அறுபடாது. உள்ளே கை போகாத ஓட்டை என்றால் பின்னால் மெல்லிய ஷீட் ஒன்றை நுழைத்து, கம்பியால் இழுத்து ஒட்டிவிட்டு, அதன் மேல் அடுக்குங்கள்.

முதல் வேலை துடைப்பதா, தேய்ப்பதா? துடைப்பது. மேலே இருக்கும் பாலிஷ் மெழுகோடு உப்புத்தாள் போட்டால் மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஒரு துணியில் சால்வென்ட், அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்து எடுங்கள்.

சுவர் உப்பியிருந்தால் காரணம் பெரும்பாலும் தண்ணீர். மேலே ஜன்னல், கிளியரன்ஸ் லைட், ரூஃப் மூலை என்று கசிவைத் தேடி அடைக்காமல் எபாக்ஸி ஊசி போடுவது வீண். மாய்ஸ்சர் மீட்டரை அலுமினியச் சட்டத்தின் மேல் வைத்தால் ஈரம் என்று பொய் சொல்லும், நகர்த்தி வைத்துப் பாருங்கள். லுவான் காய்ந்து உறுதியாக இருந்தால் 3 மி.மீ. துளைகள் வழியே எபாக்ஸி ஏற்றி, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, பலகை வைத்து முட்டுக்கொடுத்து ஒரு நாள் விடலாம். மக்கியிருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். மக்கின மரத்துக்கு ஊசி போடும் ஆப்ஷன் பார்க்க அழகாக இருக்கும், தொடாதீர்கள்.

மிச்சம் சில்லறை:

ஜெல்கோட்டில் வரும் சிலந்திவலை விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் அசைவு. பின்னால் ஒரு அடுக்கு கொடுக்காமல் ஜெல்கோட் மட்டும் நிரப்பினால் திரும்ப வரும்.

லேமினேட்டிங் ரெசின் மேலே பிசுபிசுப்பாக இருந்தால் அது கோளாறு இல்லை, காற்று பட்டால் அப்படித்தான். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே காற்று படாமல் மூடும் பி.வி.ஏ. படலம்.

ஜன்னல், லைட் போன்றவற்றின் விளிம்புக்குப் பின்னால் பியூட்டில் டேப் (கசிவை அடைக்கும் ஒட்டும் ரப்பர் பட்டை). ரூஃபின் தட்டையான இடத்துக்குத் தானே பரவும் சீலன்ட், சுவருக்கு வழியாத வகை. சிலிக்கான் எங்கேயும் வேண்டாம், பிறகு அங்கே எதுவும் ஒட்டாது.

கோபால்ட்டையும் (ரெசின் வேகமாக இறுகச் சேர்ப்பது) எம்.ஈ.கே.பி.யையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும். ஒன்று ரெசினில் முழுதாகக் கலந்தபின்தான் மற்றது. எம்.ஈ.கே.பி. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி.