கையெழுத்து வாங்கப் போகிற ஆள்

ஆட்களை ஏமாற்றி பிராங்க் வீடியோ எடுக்க வருகிறவர்களுக்குக் கேமராவைவிட ஒப்புதல் ஃபார்ம்தான் முக்கியம். ஒளித்து வைத்த கேமராவில் எவ்வளவு பிரமாதமாகக் காமெடி விழுந்திருந்தாலும், ஏமாந்தவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் அன்றைய பேட்டா, சாப்பாடு, வண்டி வாடகை எல்லாம் தண்டம். அந்தக் கையெழுத்தை வாங்கப் போவதற்கென்றே யூனிட்டில் ஒரு ஆள் இருப்பான். காரைக்குடிப் பக்கம் எடுக்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது நான்தான்.

என் தொழில் லொகேஷன் மேனேஜர். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் என்று வீடு பிடித்துக் கொடுப்பது, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பங்காளிகளிடம் போனில் சம்மதம் வாங்குவது, பூக்கல் தரையில் டிராலி இறங்கும் முன் கீழே சாக்கு விரிக்க வைப்பது, வளவுத் (உள்முற்றத்துத்) தூணில் யாரும் ஆணி அடித்துவிடாமல் காவல் நிற்பது. சினிமா, சீரியல், கல்யாண ஷூட் என்று எல்லாம் வந்தபிறகு, யூடியூப் பிள்ளைகள் பிராங்க் எடுக்க வர ஆரம்பித்தார்கள். சினிமாக்காரர்கள் வீட்டைக் கேட்பார்கள். இவர்கள் வீட்டோடு சேர்த்து மனிதர்களையும் கேட்டார்கள்.

அப்போதுதான் பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் சாஷா பாரன் கோஹனைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தத் தொழிலை அவர் அளவுக்கு உயரத்துக்குக் கொண்டுபோனவரும் இல்லை, அவர் அளவுக்கு வழக்குகளைச் சந்தித்தவரும் அதிகம் இருக்க முடியாது. 1971-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தவர். பிரெஞ்சு ஆசான் ஃபிலிப் கோலியேவிடம் கோமாளிக் கலை பயின்றவர். 2000-ல் 'அலி ஜி' என்ற அரைவேக்காட்டு இளைஞனாக வேடம் கட்டிக்கொண்டு, பெரிய பெரிய ஆட்களை உட்காரவைத்து அபத்தமான கேள்விகள் கேட்டார். 2006-ல் கஜகஸ்தான் பத்திரிகையாளனாக நடித்த 'போராட்' படம் வந்தது. சுமார் 1.8 கோடி டாலரில் எடுத்த படம், உலகம் முழுக்க 26 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை, நடிப்புக்குக் கோல்டன் குளோப்.

அவருடைய திறமை எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ரீடேக் கிடையாது. எதிரில் இருப்பவர் கோபப்பட்டாலும், போலீஸைக் கூப்பிட்டாலும் வேடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்துச் சேலம் என்ற ஊரில், மாடு, குதிரை அடக்கும் ரோடியோ மைதானத்துக்கு நடுவே நின்றுகொண்டு அவர் பாட, கூட்டம் கொதித்துப்போய்விட்டது. அங்கிருந்து தப்பித்து வந்ததும் அடுத்த இடத்துக்கு அதே வேடத்தில் போயிருக்கிறார். நான் பார்த்த நம் பையன்கள் கால் மணி நேரத்துக்குள் சிரித்துவிடுவார்கள், இல்லையென்றால் அடி விழும் என்று பயந்து 'அண்ணே, கேமரா அங்க இருக்கு' என்று காட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் லொகேஷன் மேனேஜராக நான் அந்தப் படத்தில் பார்ப்பது வேறு இடத்தை. போராட்டின் சொந்த ஊராகக் காட்டப்படும் கிராமம் கஜகஸ்தானிலேயே இல்லை. அது ருமேனியாவில் இருக்கும் குளோட், ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் ரோமா மக்கள் வாழும் ஏழைக் கிராமம். தங்கள் வாழ்க்கையைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதாகச் சொன்னார்கள், கைக்குச் சில டாலர்தான் வந்தது என்று அந்த மக்கள் சொன்னார்கள். கை ஒன்றை இழந்த ஒருவருக்கு அந்தக் கையில் என்ன பொருளைக் கட்டிவிட்டார்கள் என்பதே தெரியவில்லை. அது பாலியல் பொம்மை என்பது படம் வந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. கிராமத்தார் 3 கோடி டாலர் கேட்டு நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். ஸ்டுடியோ குற்றச்சாட்டுகளை மறுத்தது. வழக்கு நிற்கவில்லை.

இதைப் படித்தபோது என் மனம் போனது கோஹனிடம் அல்ல. அந்த ஊருக்குள் யூனிட்டை அழைத்துப் போன உள்ளூர் ஆள் ஒருவன் இருந்திருப்பான் இல்லையா, அவனிடம்தான். யார் வீட்டில் மாடு இருக்கிறது, யார் வீட்டுக்குள் கேமரா போகலாம் என்று காட்டிக் கொடுத்தவன். படம் முடிந்ததும் ஹீரோ விமானம் ஏறிவிடுவார். அவன் மறுநாள் காலையில் அதே தெருவில் பால் வாங்கப் போக வேண்டும்.

கோஹன் மீதான பல வழக்குகள் தோற்றதற்குக் காரணம் அந்த ஃபார்ம்தான். படத்தில் அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கு 500 டாலர் கொடுத்தார்கள். அவரும் வழக்குப் போட்டார். 'ஆவணப்பட பாணியில் எடுக்கும் படம்' என்றுதான் ஃபார்மில் எழுதியிருந்தது. படத்தைப் பற்றியோ அதில் வருகிறவர்கள் யார் என்பதைப் பற்றியோ வாய்மொழியாகச் சொன்ன எதையும் நம்பிக் கையெழுத்திடவில்லை என்ற வரியும் அதில் இருந்தது. படிக்காமல் போட்டால் போட்டதுதான் என்று 2008-ல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒருவரிடம் பொய்யைச் சொல்லிவிட்டு, 'நான் சொன்ன எதையும் நம்பவில்லை' என்று அவரிடமே எழுதி வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. குளோட் மக்களும் ஏமாற்றப்பட்டோம் என்றுதான் வழக்குப் போட்டார்கள்.

எங்கள் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து ஒரு டீம் வந்தது. நன்றாக நடிக்கக்கூடிய பையன், பின்தொடர்பவர்கள் லட்சக்கணக்கில். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. ஐடியா இதுதான்: பையன் பர்மாவிலிருந்து வந்த பங்காளி வீட்டுப் பேரனாகப் போவான். கையில் பழுப்பேறிய பத்திரம். 'இந்த வளவில் எனக்கும் பங்கு இருக்கிறது, தேக்குத் தூண் நாலைக் கழற்றிக்கொண்டு போகிறேன்' என்பான். வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சி பதறுவார்கள். மேல் மாடியில் இரண்டு கேமரா, பட்டாலையில் (கூடத்தில்) பெட்டகத்துக்குப் பின்னால் ஒன்று. சென்னையில் இருக்கும் ஆச்சியின் அண்ணன் மகன் 'எடுத்துக்குங்க, ஜாலியா இருக்கும்' என்று சொல்லியிருந்தார்.

ஆச்சி பதறவில்லை. பையனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு கேட்டார்கள்: "எந்தக் கோயிலப்பு?"

பையன் விழித்தான். பிள்ளையார்பட்டி என்று சொல்லச் சொல்லி நாங்கள்தான் பாடம் பண்ணி அனுப்பியிருந்தோம். சொன்னான். "நாங்க இளையாத்தங்குடி. கோயில் வேறன்னா பங்காளி எப்படியாகும்? சரி, வீட்டு விலாசம் என்ன? ஐயா பேரு என்ன? எந்த ஊர்ல கொண்டுவிக்கக் கடை?" என்று ஆச்சி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பையன் நெற்றியில் வேர்த்தது. நகரத்தார் வீட்டில் ஒன்பது கோயில்தான் வம்சக் கணக்கு, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்லும் வீட்டு விலாசம்தான் அடையாளம். அந்த இரண்டையும் வைத்து ஆச்சி அவனை ஐந்தே நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். பெட்டகத்துக்குப் பின்னால் இருந்த கேமராமேன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பையன் பிடியை விடாமல், பர்மாவில் எல்லாம் போய்விட்டது, கையில் ஒன்றும் இல்லை என்று இறங்கிவிட்டான். ஆச்சியின் குரல் மாறிவிட்டது. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது தங்கள் அப்பச்சி (அப்பா) ரங்கூனிலிருந்து நடந்தே வந்ததையும், வரும்போது தான் கைக்குழந்தை என்பதையும், வந்து சேர்ந்த மனுஷரை வாசலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்று ஆத்தா சொன்னதையும் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறமும் அவனை விடவில்லை. "பங்காளியா இல்லாட்டி என்ன, பசியோட போகாதே" என்று வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வைத்தார்கள்.

கேமரா நின்றது. நான் ஃபார்மோடு உள்ளே போக வேண்டும். டீமில் மேனேஜராக வந்தவர் என் காதில், "அழுத இடம்தாண்ணே டீசர். சட்டுன்னு வாங்கிட்டு வந்துருங்க" என்றார். ஃபார்ம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆச்சிக்கு முன்னால் மானிட்டரை வைத்து முழுவதையும் காட்டாமல் கையெழுத்துக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தம் வந்தது. பையன்தான் கடைசியில் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து ஊஞ்சல் பலகையில் வைத்தான்.

ஆச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு ஆரம்பத்திலிருந்து பார்த்தார்கள். அவன் வேர்த்து வழிகிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்கள். அழுத இடம் வந்தபோது நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். முடிந்ததும் சொன்னார்கள்: "நான் அழுததெல்லாம் இருக்கட்டும் தம்பி. எங்க அப்பச்சி நடந்து வந்தாகன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். நடுவுல வடக்கு வீட்டுக்காரக பங்க வித்ததப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிப்புட்டேன் பாரு, அத மட்டும் எடுத்துரு. நாளைக்கு நான் அவுக மூஞ்சில முழிக்கணும்."

அப்படி ஒரு வரி பேசப்பட்டதை எங்களில் ஒருவரும் கவனிக்கவே இல்லை. எடிட்டில் அது அப்படியே போயிருக்கும். அழுகையை வெட்டிவிட்டு, ரொம்பப் பொறுப்பாக நடந்துகொண்டோம் என்ற திருப்தியில் அந்த வரியை விட்டிருப்போம். ஒருவருக்கு எது வலிக்கும் என்று வெளியில் நின்று நாம் தீர்மானிக்கவே முடியாது. அவரிடம் காட்டிக் கேட்பதைத் தவிர வழி இல்லை.

இந்த விஷயத்தில் கோஹனும் கொஞ்சம் நகர்ந்து வந்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். 2020-ல் வந்த இரண்டாவது போராட் படத்தில், யூத இன அழிப்பிலிருந்து தப்பிப் பிழைத்த ஒரு மூதாட்டியை யூத வழிபாட்டுத் தலத்தில் சந்திக்கிற காட்சி வருகிறது. படப்பிடிப்பு முடிந்ததும் வழக்கத்துக்கு மாறாக அவரிடம் உண்மை சொல்லப்பட்டது என்று செய்திகள் வந்தன. அவர் இறந்த பிறகு குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள், அது தள்ளுபடியானது, படம் அவர் நினைவுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. அதே படத்தில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வரும் ஓக்லஹோமா பெண்மணியின் கதை இன்னும் கனமானது. எல்லாம் நிஜம் என்று நம்பி, போராட்டின் மகளாக நடித்த பெண்ணிடம் 'நீ படி, உனக்கு மூளை இருக்கிறது' என்று சொன்னவர். படம் வரும்வரை அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவருடைய தேவாலயத்து மக்களுக்காகக் கோஹன் பிறகு ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். கொடுத்தது நல்லது. அந்தக் கவலையில் போன நாட்களுக்கு அது ஈடாகாது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

கஜகஸ்தானின் கதை வேறு. முதலில் வழக்குப் போடுவோம் என்று மிரட்டிய நாடு, 2020-ல் போராட்டின் 'வெரி நைஸ்' வசனத்தையே சுற்றுலா விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. ஒரு நாட்டால் அது முடியும். குளோட்டில் மாடு வைத்திருக்கிறவரால் முடியுமா?

நம் பக்கமும் சட்டம் இதைத் தொட்டிருக்கிறது. 2019 ஏப்ரலில் டிக்டாக் வழக்கில் உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பிராங்க் பற்றியும் பேசியது. ஒருவரை அதிர்ச்சிக்கும் கேலிக்கும் ஆளாக்குவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்பது அதன் சாரம். அப்படியும் பூ விற்கிற அம்மாவிடமும் பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பெண்ணிடமும்தான் நம் சேனல்கள் வம்பு இழுக்கின்றன. திருப்பி அடிக்க முடியாதவர்களைப் பார்த்தே எடுக்கிறார்கள். அப்படி ஐடியாவோடு வருகிறவர்களுக்கு நான் வீடு பிடித்துக் கொடுப்பதில்லை.

கோஹனிடமிருந்து இவர்கள் கற்க வேண்டியது 2018-ல் வந்த 'ஹூ இஸ் அமெரிக்கா' தொடர். அதில் அவர் மாட்டிவிட்டவர்களில் முக்கியமானவர்கள் அப்போதும் அதற்கு முன்பும் அதிகாரத்தில் இருந்தவர்கள். ஜார்ஜியா மாநில சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், கேமரா முன் இனவெறி வார்த்தையைக் கத்திவிட்டுப் பதவியையே ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. நீதிபதியாக இருந்து அரசியலுக்கு வந்த ராய் மூர் 9.5 கோடி டாலர் கேட்டுத் தொடுத்த வழக்கும் 2021-ல் தள்ளுபடியானது. அவரும் ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருந்தார். ராய் மூர் சட்டம் படித்தவர், கையெழுத்தின் பொருள் தெரிந்தவர். அவரிடம் வாங்கியதும் குளோட் கிராமத்தில் வாங்கியதும் ஒரே கையெழுத்து என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த மதுரைப் பையன் போன மாதம் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை ஐடியா அவனுடையதுதான். தனியாக இருக்கிற ஆச்சிமார்களிடம் செதுக்கு வேலை செய்த நிலைக்கதவையும் தூணையும் அடிமாட்டு விலைக்குப் பேசி வாங்கிப்போகிற தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்றும் தெரியாத வாரிசாகப் போய் உட்கார்ந்து, என்ன விலை சொல்கிறார்கள், என்ன பொய் சொல்கிறார்கள் என்று கேமராவில் பிடிக்க வேண்டும் என்றான். கானாடுகாத்தான் ஆச்சியிடம் கேட்டேன், வீட்டைத் தருகிறேன் என்றார்கள். பக்கத்து அறையில் உட்கார்ந்து மானிட்டரில் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவர்கள் போட்ட நிபந்தனை. தேவகோட்டையில் ஒரு வக்கீல் ஃபார்மைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்.