பெயரைக் கொடுத்து பிராப்பர்ட்டியை நிரப்பும்போது

எக்ஸெல் கோப்பின் முதல் வரியில் நெடுவரிசைப் பெயர்கள். நம்மிடம் அதே பெயர்களில் பிராப்பர்ட்டிகள் கொண்ட ஒரு கிளாஸ். ஐம்பது பிராப்பர்ட்டிக்கும் தனித்தனியாக இஃப் எழுதச் சலித்துப்போய்த்தான் பலரும் ரிஃப்ளெக்ஷன் (நிரல் ஓடும்போதே கிளாஸின் உறுப்புகளைப் பெயரால் தேடிக் கையாளும் வசதி) பக்கம் வருகிறார்கள். சி ஷார்ப்பில் வேலை இரண்டே வரி: கெட்பிராப்பர்ட்டியிடம் பெயரைக் கொடுத்து பிராப்பர்ட்டிஇன்ஃபோவை வாங்க வேண்டும், அதன் செட்வேல்யூவிடம் ஆப்ஜெக்டையும் மதிப்பையும் கொடுக்க வேண்டும். மாதிரித் தரவில் உடனே ஓடிவிடும். உண்மையான தரவு வரும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது.

பெயர் கிடைக்காவிட்டால் கெட்பிராப்பர்ட்டி எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியாது, நல் (null, மதிப்பு இல்லை என்பதன் குறி) திருப்பும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் பார்க்கும். அதைத் தளர்த்த இக்னோர்கேஸ் கொடியை (தேடும் விதத்தைச் சொல்லும் flag) மட்டும் கொடுத்தால், சரியாக எழுதிய பெயருக்கும் நல்தான் வரும். நாமே கொடி கொடுத்ததும் இயல்பான கொடிகள் போய்விடுவதே காரணம். பப்ளிக், இன்ஸ்டன்ஸ் இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தலைப்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் இடைவெளியை ட்ரிம் செய்துவிடுங்கள். பெயர் பொருந்தாததற்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

வகை மாற்றம்தான் பெரிய பகுதி. ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரம்) இன்ட் (முழு எண்) பிராப்பர்ட்டிக்குள் நேராகப் போட்டால் ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன். கன்வெர்ட்.சேஞ்ச்டைப் போட்டால் இன்ட், டெசிமல் எல்லாம் சரியாகிவிடும், ஆனால் நல்லபிள் இன்ட்டில் (நல்லையும் ஏற்கும் இன்ட்) இன்வாலிட்காஸ்ட் எக்ஸெப்ஷன் வரும். முதலில் நல்லபிள்.கெட்அண்டர்லையிங்டைப் கேட்டு, அது தரும் உள்வகைக்கு மாற்றுங்கள். ஈனமுக்கு (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல் வகை) ஈனம்.பார்ஸ் தனியே வேண்டும். குயிட் (Guid, தனித்த அடையாள எண்) வகைக்கும் சேஞ்ச்டைப் உதவாது. டைப்டிஸ்கிரிப்டரிடம் கன்வெர்ட்டர் கேட்டு வாங்கலாம்.

இவையெல்லாம் சிவப்பு எழுத்தில் கத்துவதால் ஒரே நாளில் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது கத்தாதவற்றுக்கு. இன்ட் பிராப்பர்ட்டிக்கு செட்வேல்யூவில் நல் கொடுத்துப் பாருங்கள். பிழையே வராது, 0 உட்காரும். தரவில் விலை இல்லை என்பதும் விலை 0 என்பதும் ஒன்றாகிவிடும். அதனால் நல் வந்தால், பிராப்பர்ட்டி நல்லை ஏற்குமா என்று பார்த்து, ஏற்காதென்றால் நாமே எக்ஸெப்ஷன் எறிவது நல்லது.

"12.50" என்ற ஸ்ட்ரிங்கை ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் டெசிமலாக மாற்றினால் 1250 கிடைக்கும். அங்கே புள்ளி ஆயிரம் பிரிக்கும் குறி. சேஞ்ச்டைப்பின் மூன்றாவது ஆர்க்யுமென்டாக இன்வேரியன்ட்கல்ச்சர் (எந்த நாட்டு அமைப்பையும் சாராதது) கொடுத்தால் இது தீரும். தேதிக்கு அதுவும் போதாது. "03/04/2024" இன்வேரியன்டில் மார்ச் 4. அனுப்பியவர் ஏப்ரல் 3 என்று நினைத்திருக்கலாம். பார்ஸ்எக்ஸாக்ட்டில் வடிவத்தைச் சொல்லிவிடுவதே உறுதியான வழி. ஈனம்.பார்ஸும் இதே ரகம்: மூன்று மதிப்பு மட்டும் உள்ள ஈனமுக்கு "7" கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஈனம்.இஸ்டிஃபைண்ட் வைத்துச் சரிபாருங்கள். நிரப்புவது கிளாஸ் அல்லாமல் ஸ்ட்ரக்ட் (நகலெடுக்கப்படும் மதிப்பு வகை) என்றால் இன்னும் மோசம்: செட்வேல்யூ மாற்றுவது பாக்ஸ் ஆன (ஆப்ஜெக்டாகச் சுற்றப்பட்ட) பிரதியைத்தான், அசல் அப்படியே இருக்கும். முதலில் ஆப்ஜெக்ட் வேரியபிளில் வைத்து, அதை நிரப்பி, பிறகு திரும்ப காஸ்ட் செய்ய வேண்டும்.

செட்டருக்குள் (பிராப்பர்ட்டிக்கு மதிப்பு போடும் நிரல்பகுதி) எழுதியிருக்கும் சரிபார்ப்பு தோற்றால் டார்கெட்இன்வொகேஷன் எக்ஸெப்ஷன் என்ற உறைதான் கைக்கு வரும். காரணம் இன்னர்எக்ஸெப்ஷனில் இருக்கும். லாகில் அதையும், கூடவே வரிசை எண், பிராப்பர்ட்டி பெயர், வந்த மதிப்பு மூன்றையும் எழுதுங்கள். இவை இல்லாத லாகை வைத்துக்கொண்டு பத்தாயிரம் வரிக் கோப்பில் தேடுவது தண்டனை.

வேகம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வரிசைக்கு வரிசை கெட்பிராப்பர்ட்டி அழைக்காமல், கோப்பைத் திறந்ததும் ஒருமுறை டிக்ஷனரியில் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலான வேலைக்குப் போதும். அதுவும் போதாவிட்டால் செட்டரை டெலிகேட்டாக (நேரடியாக அழைக்கக்கூடிய செயற்கூற்றுக் குறிப்பாக) மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் வெளியாளிடமிருந்து, அதாவது வெப் கோரிக்கையிலிருந்து வருகிறதென்றால் மட்டும் நிலைமை வேறு. இஸ்அட்மின் என்ற பிராப்பர்ட்டி கிளாஸில் இருந்தால், அந்தப் பெயரை அனுப்பத் தெரிந்தவர் யாரும் அதை ட்ரூ ஆக்கிவிடலாம். அனுமதிக்கும் பெயர்களைக் கையால் எழுதிய பட்டியல் ஒன்று இருக்க வேண்டும்; அதில் இல்லாத பெயரை கெட்பிராப்பர்ட்டி வரைக்கும் போகவே விடக்கூடாது.