மூஞ்சூறுக்கு எப்பவும் அவசரம்தான்

எலிக்கும் மூஞ்சூறுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. வால் இருக்கு, ராத்திரில சுத்துது, அப்போ எலிதானே, அடின்னு முடிச்சிடுறாங்க. சொந்தம்னு பாத்தா அது முள்ளெலி கூட்டத்தோட ஆளு. எலி மாதிரி கொறிக்கிற பொழப்பே அதுக்கு இல்ல, பூச்சி புழு புடிச்சு தின்னுதான் வாழுது. வாயைத் திறந்து பாத்தாலே (அது திறக்க விட்டாதான்) வித்தியாசம் தெரிஞ்சிடும். எலிக்கு முன்னாடி உளி மாதிரி நீளமா பல்லு, அதுக்குப் பின்னாடி ஒரு காலி இடம் இருக்கும், மூஞ்சூறுக்கு சின்னச் சின்ன கூர்ப்பல்லு வரிசையா உள்ள வரைக்கும் போகும். தூரத்துல இருந்து பாக்குறவங்க மூக்கைப் பாருங்க போதும், கீழ் தாடையைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கும், ஒரு செகண்ட் கூட சும்மா இருக்காது. கண்ணு கடுகு சைஸ், பேருக்குதான். வாலு அடியில தடியா இருந்து போகப் போக மெலிஞ்சிடும், அதுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா நீள நீளமா முடி நிக்கும்.

வீட்டுக்குள்ள வர்ற மூஞ்சூறுல பெரிய ஆண் 100 கிராம் வரைக்கும் வரும். இதே குடும்பத்துல இன்னொண்ணு இருக்கு, எட்ருஸ்கன் மூஞ்சூறுன்னு பேரு, வளர்ந்த உருப்படியே 2 கிராம் தேறாது, எடைக்கணக்குல உலகத்துலயே சின்ன பாலூட்டி அதுதான். அதோட இதயம் நிமிஷத்துக்கு 1500 தடவை வரைக்கும் அடிக்கும். நமக்கு எழுபது எண்பது அடிக்கிறதுக்கே படி ஏறினா மூச்சு வாங்குது.

இவ்ளோ வேகம் எதுக்குன்னா உடம்பு சின்னதா இருக்கிறதாலதான். உடம்பு சின்னதாக ஆக, உள்ள இருக்கிற சதையை விட வெளிய இருக்கிற தோல் பரப்பு கணக்குல கூடிப்போயிடும், அதனால சூடு வெளிய போய்க்கிட்டே இருக்கும், அந்த சூட்டை ஈடுகட்ட தின்னுக்கிட்டே இருக்கணும், தேடித் தின்ன ஓடணும், ஓடினா மறுபடியும் பசிக்கும். ஐரோப்பாவுல இருக்கிற சாதாரண மூஞ்சூறு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட தன் எடை அளவுக்கே சாப்பிடும், சில மணி நேரம் சாப்பாடு இல்லன்னா செத்தே போயிடும். அதனால ராத்திரி முழுக்க தூங்குறதெல்லாம் அதுக்கு நடக்காத காரியம், கொஞ்சம் தூங்கி எழுந்து தின்னு மறுபடி கொஞ்சம் தூங்கி, இப்படியே பகலும் ராத்திரியும் ஓடுது. ஆயுசும் அதே வேகத்துல முடிஞ்சிடும், அந்த ஐரோப்பிய மூஞ்சூறு ரெண்டாவது குளிர்காலத்தைப் பாக்குறதே அபூர்வம்.

அந்த ஒரே குளிர்காலத்தைத் தாண்ட அது பண்ற வேலை இருக்கே, நான் முதல்ல படிச்சப்போ சும்மா அடிச்சு விடுறாங்கன்னுதான் நினைச்சேன். குளிர் வர்றப்போ அதோட மண்டை ஓடே சின்னதாயிடுது. எலும்பு சுருங்குது, மூளையும் சேந்து சுருங்குது, மண்டையோட உயரம் சுமார் 15 சதவீதம் குறையுது, வசந்தம் வந்ததும் ஓரளவுக்கு மறுபடி வளருது. போலந்து விஞ்ஞானி ஆகஸ்ட் டேனெல் 1949ல இதை எழுதினாரு, அவர் பேரையே அதுக்கு வெச்சுட்டாங்க. மூளை நிறைய எனர்ஜி தின்னும், அதனால சாப்பாடு கம்மியா கிடைக்கிற மாசத்துல அதைக் குறைச்சுக்கிட்டா மிச்சம்தானே, அப்படித்தான் காரணம் சொல்றாங்க.

வட அமெரிக்காவுல குட்டைவால் மூஞ்சூறுன்னு ஒண்ணு இன்னும் விவரம். அதோட எச்சில்ல விஷம் இருக்கு. கடிச்ச பூச்சி சாகாது, ஆனா அசையவும் முடியாது, அப்படியே இழுத்துட்டுப் போய் வளைல போட்டு வெச்சு அப்புறமா ஃப்ரெஷ்ஷா சாப்பிடும்.

நம்ம வீட்டு மூஞ்சூறுக்கு அந்த வசதியெல்லாம் இல்ல. அது கரப்பான் பூச்சி தின்னுறதை நான் கிட்ட இருந்து பாத்திருக்கேன். மீசையும் மூக்கும் பூச்சி மேல பட்டுச்சோ இல்லையோ அதுக்குள்ள கடி விழுந்துடுச்சு, தலைப்பக்கமா ஆரம்பிச்சு மொறுக் மொறுக்குன்னு சத்தம் ரூம் முழுக்கக் கேட்டுச்சு, கடைசில ரெண்டு றெக்கையும் கொஞ்சம் காலும்தான் தரையில கிடந்துச்சு. கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிக்கிற வீட்டுலயே மூஞ்சூறையும் விரட்டுறாங்க, என்னத்த சொல்ல.

குட்டிங்களைக் கூட்டிட்டுப் போறது தனி அழகு. அம்மாவோட வால் அடியில இருக்கிற முடியை ஒரு குட்டி பல்லால கவ்விக்கும், அதோட பின்பக்கத்தை அடுத்தது கவ்விக்கும், அப்படியே ரயில் மாதிரி மொத்த குடும்பமும் செவுத்தோரமா போகும். பிடி அவ்ளோ இறுக்கம், அம்மாவைத் தூக்கினா வரிசையா எல்லாம் தொங்கிக்கிட்டே மேல வருமாம். தான் போக வழியில்லாத மூஞ்சூறு விளக்குமாத்தையும் கவ்விச்சாம்னு அதைக் கிண்டல் பண்றோம், நெஜத்துல அது கவ்வி இழுத்துட்டுப் போறது பிள்ளைகளைத்தான்.

நாத்தம் பத்தி சொல்லாம விட முடியாது. உடம்போட ரெண்டு பக்கமும் சுரப்பி இருக்கு, அதுல இருந்து வர்ற வாடைதான் அது. பூனை பிடிச்சுக் கொன்னுடும், ஆனா பெரும்பாலும் திங்காம அங்கேயே போட்டுட்டுப் போயிடும். ஆந்தைக்கு இந்தப் பிரச்சனையே இல்ல, முழுசா முழுங்கிடும்.

எலிக்கு வெக்கிற பொறி, பிசின் அட்டை, விஷம் எல்லாத்துலயும் இதுவும் மாட்டிக்குது. பிசின் அட்டையை நான் வீட்டுக்குள்ளயே விடுறதில்ல, அது எந்த ஜீவனுக்கும் ஆகாது. கூண்டுப் பொறி வெக்கிறவங்க ராத்திரி வெச்சு காலைல பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க, எலி விடிய விடிய தாக்குப்பிடிக்கும், மூஞ்சூறு தாங்காது. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, நடுவுல முழிப்பு வந்தா இன்னொரு தடவை பாருங்க. மாட்டியிருந்தா கூண்டோட வெளிய தூக்கிட்டுப் போய் கதவைத் திறந்து விட்டுட்டு வாங்க. வெறுங்கையால மட்டும் தொட வேணாம், கடிச்சுடும், மேல தெள்ளுப்பூச்சி வேற இருக்கும், அந்த வாடையும் கைய விட்டு லேசுல போகாது.