சிவப்புப் பொட்டு

ஜூலை 4, சனி

தம்பி அனுப்பிய டெகால் தாள், தண்ணீரில் நனைத்து எடுத்து ஒட்டும் சின்னங்கள், வந்து சேர்ந்தது. நான் செய்யும் 72-இல் ஒரு பங்கு அளவு மாதிரி விமானத்துக்கு உரியது, ஹரிகேன் என்ற பிரித்தானியப் போர் விமானம். ஒரே உறைக்குள் இரண்டு காலம் இருக்கிறது. ஒரு பக்கம் 1942-இன் விமானப்படை அடையாள வட்டங்கள், நடுவில் சிவப்போடு. மறுபக்கம் பிறகு வந்தவை, சிவப்பை எடுத்துவிட்டு இரண்டு நீலம் மட்டும். ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடாது என்பதற்காக எடுத்தார்கள். எனக்கு வேண்டியது சிவப்பு உள்ளதுதான். திருகோணமலை சீனக்குடா விமானத்தளம், 261-ஆம் ஸ்குவாட்ரன், ஜப்பான் விமானங்கள் வந்து தாக்கிய 1942 ஏப்ரல் 9.

அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வியாழன் வரும் என்றார்கள். எந்த வியாழன் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 5

அப்பா இரவு முழுக்க இருமினார்.

ஜூலை 7

விடிய நாலரைக்கு எழும்பி பளபளப்பு வார்னிஷ் அடித்தேன். கச்சான் காற்றுக் கிளம்பிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது, வீடு முழுக்கப் புழுதி. ஜன்னல்களைப் பூட்டி, கீழ் இடுக்கில் ஈரத்துணி வைத்தேன். மங்கல் பெயின்ட் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உள்ளது. அதன் மேல் நேரே டெகால் வைத்தால் அடியில் காற்றுச் சிக்கி, படலம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். பிறகு எது பூசினாலும் முழுதாகப் போகாது. முதலில் பளபளப்பு, கடைசியில்தான் மங்கல்.

மத்தியானம் தொட்டுப் பார்த்தேன். இன்னும் பிசுக்கு. தொட்டிருக்கக் கூடாது.

ஜூலை 8

உடைந்துவிட்டது.

உடற்பகுதியின் இடப்பக்க வட்டம். வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது விநாடி வைத்து, எடுத்து, தாளிலிருந்து நகர்த்தும்போதே ஏழெட்டுத் துண்டாகப் போனது. மஞ்சள் வளையம் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். தூரிகையால் சேர்த்துப் பார்த்தேன், அரை மணி நேரம். சேரவில்லை. தாள் பழையது போல. எத்தனை வருடம் யாருடைய அலுமாரியில் கிடந்ததோ.

தம்பியோடு கதைத்தேன். "அக்கா, மிச்சத்துக்கு மேல வார்னிஷ் அடிச்சு ஒரு நாள் காய விடுங்கோ, அது புதுப் படலம் மாதிரிப் பிடிச்சுக்கொள்ளும்" என்றான். முதலில் ஒரு ஓரத்தில் பரிசோதித்திருக்க வேண்டும். வேண்டாத எழுத்து எத்தனையோ அந்தத் தாளில் இருந்தது. எனக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

இரண்டு விமானத்துக்கான தாள் என்பதால் இன்னொரு வட்டம் இருக்கிறது. ஒன்றே ஒன்று.

அப்பாவைப் பற்றியும் கேட்டான். வியாழன் என்றேன்.

ஜூலை 9, வியாழன்

இந்த வியாழன் இல்லையாம்.

ஜூலை 10

அப்பா தானாகவே எழும்பி வந்து மேசையடியில் இருந்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதுக்கும் சிவப்பு இருக்கு என்ன?" என்றார். ஓம் என்றேன்.

"அம்மா சொல்லுவா. அண்டைக்குக் காலமை ஆகாயம் முழுக்கச் சத்தம். சிவப்பு வட்டத்தைக் கண்டா ஓடவேணும் எண்டு சொல்லி வச்சவையாம். ஒண்டு தாழப் பறந்து வந்ததாம், சிவப்பைக் கண்டிட்டு ஓடி, வேலியில விழுந்து கை முறிஞ்சது. பிறகு பாத்தா அது எங்கட பக்கத்துப் பிளேனாம்."

அப்பம்மாவின் இடக்கை கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். பிறவியில் வந்தது என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். திருக்கடலூரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கழுத்தை நிமிர்த்தி ஒரு நொடி பார்த்திருப்பா. அந்த உயரத்தில் எந்தச் சிவப்பு என்று யாருக்குத் தெரியும்? அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கிப் போனது. புத்தகங்களில் அது எல்லாம் இருக்கிறது. வேலி இல்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பக்கவாட்டு வட்டம் 35 அங்குலம். சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் விட்டங்கள் ஒன்றுக்கு மூன்று, ஐந்து, ஏழு. அப்படியானால் சிவப்பு 5 அங்குலம். என் மேசையில் அது 1.8 மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தத் தாளில் அந்தப் பொட்டைத் தனியாக அச்சடித்திருக்கிறார்கள், நடுவில் நாமே வைக்க வேண்டும்.

ஜூலை 12

வட்டம் உடையவில்லை!

வெளிப்படலத்தை விளிம்போடு ஒட்ட வெட்டினேன். வைக்கும் இடத்தில் டெகால் ஒட்டிக்கொள்ள உதவும் மைக்ரோ செட் திரவம் ஒரு துளி, பிறகு நகர்த்தி, பஞ்சுக் குச்சியை உருட்டி நடுவிலிருந்து வெளியே தண்ணீரை எடுத்தேன். அதன் மேல் டெகாலை இளக்கும் மைக்ரோ சோல். இரண்டு நிமிடத்தில் வட்டம் முழுக்கச் சுருங்கி, கிழவியின் தோல் மாதிரி ஆகிவிட்டது. இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நெஞ்சு அடித்தது. இந்த நேரத்தில் டெகால் களி மாதிரி இருக்கும், விரல் பட்டால் முடிந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு மணி நேரத்தில் தானாகவே இழுபட்டுப் பலகைக் கோடுகளுக்குள் இறங்கியது, பெயின்டால் வரைந்த மாதிரி. அவ்வளவு வடிவு.

பொட்டு நாளைக்கு.

ஜூலை 13

அப்பா அரை இடியப்பம். மிச்சத்தைக் காகத்துக்கு வைத்தேன். பொட்டு வைக்கவில்லை.

ஜூலை 15

வைத்தேன். இடப்பக்கம் சரி. வலப்பக்கம் அரை மில்லிமீட்டர் முன்னுக்குப் போய்விட்டது. சோல் பூசிய பிறகுதான் கண்டேன், இனி நகராது. அரை மில்லி என்றால் நிஜத்தில் 36 மில்லிமீட்டர். சீனக்குடாவில் அச்சுத் தட்டை வைத்துப் பெயின்ட் அடித்தவன் அப்படி விட்டிருக்க மாட்டான். இரவு முழுக்க அதுவே கண்ணில் நிற்கிறது. பேப்பர் வாசிக்கும் கண்ணாடியைப் போட்டு அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓடுறவளுக்கு இது காணும்."

அம்மா உள்ளே போய்விட்டா.

ஜூலை 16, வியாழன்

ஓட்டோ ஆறரைக்கு. அப்பா நாலு மணிக்கே சேர்ட் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருக்கிறார். ஸ்கேன் படங்கள் எடுத்தாயிற்று, தண்ணீர்ப் போத்தல் எடுத்தாயிற்று. இறக்கையின் கீழ்ப்பக்க வட்டங்கள் இரண்டும் இன்னும் தாளில்தான் இருக்கின்றன. காற்றில் போகாமல் அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.