கீமோ முடிந்து மலையேறி வரும் பிள்ளைகளின் வாய்

கோவையில் புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு கோத்தகிரிப் பக்கம் வீடு திரும்பும் பிள்ளைகளை நர்ஸாகப் பார்த்து வருகிறேன். மருந்து ஏறும் அன்றைக்கு வாய் நன்றாகத்தான் இருக்கும். 5 முதல் 10 நாளுக்குள், பிள்ளை வீட்டில் இருக்கிற சமயத்தில்தான் புண் கிளம்பும். வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ அழிக்கிறது. வாயின் உள்தோலும் அப்படி வேகமாகப் பெருகுவதுதான். பழைய தோல் தேய்ந்து, புதுத்தோல் வரத் தாமதமாகும் இடைவெளியில் வாய் வெந்துபோகிறது. ஆகவே தடுப்பு வேலையில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு அடுப்படியில்தான் நடக்க வேண்டும்.

எங்கள் குளிர் அதற்குப் பெரிய இடைஞ்சல். மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பல் தேய்க்கச் சொன்னால் பிள்ளை அழும். கொழுந்து பறிக்கக் கிளம்பும் அவசரத்தில் அம்மாவும் ‘சரி, இன்னைக்குப் போகட்டும்’ என்று விட்டுவிடுவார். அப்புறம் சுடச்சுட டீ, சளி பிடிக்காமலிருக்க மிளகு ரசம். எல்லாம் பாசத்தில் செய்வதுதான், ஆனால் அந்த வாய்க்கு ஆகாது. நான் முதலில் கேட்பது வெந்நீர் வைக்க வசதி இருக்கிறதா என்றுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்தால் மென்மையான பல் பிரஷ் இன்னும் இளகும். கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டு, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்கலாம். துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைக்குச் சுத்தமான ஈரத் துணியால் ஈறைத் துடைத்தால் போதும். உப்புநீர் புண்ணை முழுக்கத் தடுத்துவிடாது. வாயைச் சுத்தமாக வைத்துக் கிருமி தொற்றும் ஆபத்தைக் குறைக்கும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வாந்தி எடுத்தாலும் உடனே கொப்பளிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும். வாந்தியின் அமிலம் வாயிலேயே தங்கக் கூடாது.

சில மருந்துகள் ஏறும்போது ஆஸ்பத்திரியில் ஐஸ் துண்டைச் சப்பச் சொல்வார்கள். “ஐஸா? சளி பிடிச்சிடாதா சிஸ்டர்?” என்று ஓர் அம்மா பதறினார். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அங்கே மருந்து குறைவாகப் போய்ச் சேரும் என்று விளக்கினேன். மருந்து ஏறும் நேரத்தில்தான் அதற்குப் பலன். எல்லா மருந்துக்கும் பொருந்தாது.

வாய்ப்புண் என்றாலே நம் ஊரில் ‘உடம்புச் சூடு’ என்று இரண்டு முடிவு எடுப்பார்கள். மணத்தக்காளிக் கீரையைக் குழைய வேகவைத்துக் காரமில்லாமல் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, மெத்தென்ற சாப்பாடு அது. என் கவலையெல்லாம் இன்னொரு முடிவு பற்றித்தான்: மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் பி காம்ப்ளெக்ஸ். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து உடலில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்துத்தான் புற்றுசெல்லைக் கொல்கிறது. பல பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் அதே ஃபோலிக் அமிலம் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்கவே கூடாது.

ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள், நோய் திரும்பாமலிருக்க மருந்து தொடரும் பராமரிப்புக் கட்டத்தில் இதே மெத்தோட்ரெக்ஸேட்டை மாத்திரையாக வாரம் ஒருநாள் மட்டும் சாப்பிடுவார்கள். கூடவே தினசரி மாத்திரை ஒன்றும் இருப்பதால் குழம்ப இடமுண்டு. வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டால் வாய் முழுக்கப் புண்ணாவதோடு உயிருக்கே ஆபத்து. அதனால் தினசரி காலண்டரில் அந்தக் கிழமைகளைச் சிவப்பு மையில் நானே வட்டமிட்டுக் கொடுக்கிறேன். அந்தக் கட்டத்தில் திடீரென வாய் புண்ணானால் மாத்திரை அட்டையைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கிறேன்.

பிள்ளைகள் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். எச்சிலை விழுங்காமல் ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். பிடித்த முறுக்கைத் தள்ளிவிடுவார்கள். தினமும் செல்போன் டார்ச்சில் உதட்டின் உள்பக்கம், நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம் பார்க்கச் சொல்கிறேன். சிவந்திருந்தால் அன்றைக்கே கூப்பிட வேண்டும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல், ராத்திரியானாலும் வண்டி பிடித்துக் கிளம்பிவிட வேண்டும்.